பறியைக் கடித்தபடி யாரும் கூப்பிட முடியாது

பேய், பிசாசு, காத்துக் கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அங்கே யாராவது மதியச் சாப்பாட்டின்போது இந்த மாதிரிக் கதையை ஆரம்பித்தால், அப்போது மணி என்ன, வெளிச்சம் எவ்வளவு, நீங்கள் எத்தனை அடி தள்ளி நின்றீர்கள் என்று கேட்பவன் நான். மூன்றாவது கேள்விக்குள் கதை நின்றுபோகும். அதனால் இப்போது நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன். ஒன்று மட்டும் செய்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். இதனால்தான் அது நடந்தது என்று எங்கும் சொல்லப்போவதில்லை, இதற்குப் பிறகு அது நடந்தது, அவ்வளவுதான். இருபத்தாறு வருடமாகத் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறேன், நேரமெல்லாம் அதிலிருந்து எடுத்ததுதான்.

எனக்குப் பழைய பொருள் சேகரிக்கும் பைத்தியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு. மீன் ஏலம் முடிந்து ஐஸ் வண்டிகள் கிளம்பிப் போனதும், கடைத்தெருவுக்குப் பின்னால் வேப்பமரங்களுக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் தார்ப்பாய் விரித்து உட்காருவார்கள். கப்பல் கொக்கி, பித்தளைத் தாழ்ப்பாள், கழுத்து உடைந்த பச்சைப் பாட்டில், நீலப் பூப்போட்ட பீங்கான் சில்லு, செத்துப்போன செல்போன், சைக்கிள் டைனமோ, எல்லாம் ஒரே பாயில் கிடக்கும். பாதி, வீடுகளில் கழித்துப் போட்டது. மீதி, ஏரிச் சேற்றிலிருந்து வந்தது. டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக் குடியிருந்த ஊர் அல்லவா, அவர்கள் உடைத்ததும் தொலைத்ததும் ஏரிக்குள்தான் கிடக்கிறது. கையால் துழாவி இறால் பிடிப்பவர்களின் விரலில் அவ்வப்போது தட்டும்.

நான் தேடியது ஒரே பொருள்தான். டச்சுக்காரர்கள் புகைபிடித்த வெள்ளைக் களிமண் குழாய். சுண்டுவிரலைவிட மெலிந்த தண்டு, நுனியில் கட்டைவிரல் நகம் நுழையும் அளவில் ஒரு கிண்ணம். தண்டு சுலபமாக உடையும், அதனால் கிடைப்பதெல்லாம் இரண்டு அங்குலத் துண்டுகள். தண்டின் நடுவே ஓடும் ஓட்டையின் அகலத்தை வைத்துக் குழாயின் வயதைக் கணிக்கலாம், ஓட்டை பெரிதாக இருந்தால் மிகப் பழையது. ஓட்டைக்குள் நுழைத்து அளக்க மெல்லிய டிரில் பிட்கள் ஒரு செட் சட்டைப்பையில் வைத்திருப்பேன். ஒவ்வொரு துண்டையும் எங்கே எடுத்தது, எத்தனை ஆழம், யார் கையில் கிடைத்தது என்று எழுதி, சிறு சீட்டு ஒட்டி, மருந்து டப்பாவில் பஞ்சு வைத்துப் படுக்கவைப்பேன். இது தொடங்கிய ஞாயிறு அன்று என்னிடம் நாற்பத்தொரு துண்டுகள் இருந்தன. முழுசாக ஒன்றுகூட இல்லை.

அந்தச் சந்தையில் நான் முதலில் போய் நிற்பது காஜா பாயின் பாயில். கனத்த உடம்பு, உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். வாய் மட்டும் ஓயாது.

"வா வாத்யாரே, சாக்பீஸ் ரெண்டு எடுத்து வெச்சிக்கீறேன். இத்தினி சாக்பீஸ் வாங்குறியே, எந்த ஸ்கூல்ல வேல?"

இரண்டு துண்டின் ஓட்டையையும் அளந்து பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு, ஒன்றின் உடைந்த முனை இன்னொன்றின் முனையோடு கச்சிதமாகப் பொருந்தியது. ஒரே குழாய்.

"பாய், இது எங்கே கிடைத்தது?"

"என்னாண்ட இன்னாத்துக்கு கேக்குற? தோ, நண்டு வெச்சிக்கினு குந்திக்கீது பாரு, பூங்காவனம், அதாண்ட கேளு. ஒரே எடத்துலேர்ந்து எடுத்தாருது. எடத்த மட்டும் சொல்ல மாட்டேங்குது, கில்லாடி."

பக்கத்தில் நண்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் சிரித்தாள். நாற்பது வயதிருக்கும். "எடத்த சொன்னா நாளைக்கி பாயி லுங்கிய தூக்கிக் கட்டிக்கினு ஏரில எறங்கிடுவாரு சார்."

"நான் எறங்குனா ஏரி ரொம்பி ஊருக்குள்ள வந்துடும்மே" என்றார் பாய்.

எனக்குப் பொருளைவிட இடம்தான் வேண்டும், எழுதிக்கொள்ள வேண்டும், வேறு யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். பூங்காவனம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எய்திக்கினு இன்னா பண்ணுவ?"

"வைத்துக்கொள்வேன்."

"பாவமா கீது. சரி, அடுத்த வாரம் வா. எங்க வூட்டுக்காரரு போட்டுலதான் போவோம். நீ போட்டுலயே குந்திக்கினு இரு. எட்டி எட்டிப் பாக்காத, உன் மூஞ்சியப் பாத்தா எறா ஓடிடும்."

அடுத்த ஞாயிறு காலை 9.20க்குப் படகில் ஏறினேன். பூங்காவனத்தையும் சேர்த்து ஆறு பெண்கள். படகைக் கழி ஊன்றித் தள்ளியது அவள் புருஷன் ஏழுமலை, ஒல்லியான மனிதர். பசியாவரம் தீவைத் தாண்டி, தண்ணீர் இடுப்பளவு இருக்கிற ஒரு திட்டில் படகை நிறுத்தினார். திட்டின் கிழக்கே, ஐம்பது அறுபது அடி தள்ளி, பெரிய படகுகள் போவதற்காக ஆழமாகத் தோண்டிய பாதை. மேலே பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான், அங்கே ஆள் முழுகிப்போகும் என்பது தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். அந்த ஆறு பேருக்கும் தெரியும்.

அவர்கள் வேலை செய்யும் விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும், அது தெரியாமல் பின்னால் நடந்தது புரியாது. பெண்கள் தண்ணீருக்குள் மண்டிபோட்டு உட்கார்ந்துகொள்வார்கள். கழுத்துக்கு மேலே மட்டும்தான் வெளியே தெரியும். இரண்டு கையும் அடியில் சேற்றைத் துழாவும். இறாலை விரலால் அமுக்கி எடுத்ததும் போட ஒரு பாத்திரம் வேண்டுமே, அதற்குப் பனையோலையில் முடைந்த சிறு கூடை, பறி என்பார்கள். பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். பறி கழுத்தை ஒட்டித் தொங்கும். கைக்கு வேலை இருக்கும் வரை பல் விடாது. அதனால் தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் யாரும் பேசுவதில்லை, பேச முடியாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மூக்கால் 'ம்ம்' என்று ஒரு சத்தம், தலையாட்டல், அவ்வளவுதான். கரையில் அத்தனை வாயாடிய பெண்கள் அங்கே ஒரு வரிசையாக, வாயில் கயிற்றோடு, சத்தமே இல்லாமல் நகர்ந்து போனது எனக்குப் பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டம் போல இருந்தது.

10.35. பூங்காவனம் 'ம்ம்' என்றாள். தண்ணீரிலிருந்து அவள் கை மேலே வந்தது. விரல்களுக்கு நடுவே குழாய்.

முழுசு. கிண்ணமும் தண்டும் நுனியும் சேர்ந்து ஒரு சாணும் நாலு விரலும். நான் படகிலிருந்து ஏறக்குறைய விழுந்தே விட்டேன், ஏழுமலை என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்தார். வாங்கி ஏரித் தண்ணீரிலேயே அலசினேன். தண்டின் ஓட்டை முழுக்கச் சேறு அடைத்திருந்தது. இந்த மாதிரிக் குழாய் கிடைத்தால் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழிதான் உண்டு, நுனியை உதட்டில் வைத்து ஊத வேண்டும். துண்டுகளில் நாற்பது முறைக்கு மேல் செய்த காரியம், யோசிக்கவே இல்லை. ஊதினேன். அசையவில்லை. கன்னம் வலிக்க ஊதினேன். கிண்ணத்தின் அடியிலிருந்து இடியாப்ப நூல் மாதிரிச் சேறு சுருண்டு சுருண்டு வந்து விழுந்தது. பிறகு சட்டென்று வழி திறந்து, என் மூச்சு முழுவதும் ஒரேயடியாக உள்ளே போனது. எதிர்பார்க்காததால் நெஞ்சே காலியானது போல ஆயிற்று, கொஞ்ச நேரம் இருமினேன்.

"சார்! வாயில வெச்சிட்டியா?" ஏழுமலை கழியைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "துப்பு சார். மூணு வாட்டி துப்பு."

"ஏன்?"

"சேத்துலேர்ந்து வந்தத நல்ல தண்ணில கய்வாம யாரும் வாயாண்ட கொண்டு போவ மாட்டாங்க. எங்க நைனா கண்டிருந்தா கைய ஒடிச்சிருப்பாரு."

"கிருமி இருக்கும் என்றுதானே?"

"கிருமியா. அப்டியும் வெச்சிக்கலாம்."

பாட்டில் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். துப்பச் சொன்னது கிருமிக்கு என்றால் கொப்பளித்ததே போதும் என்று, அந்த மூன்று முறையைச் செய்யவில்லை. படகின் குறுக்குப் பலகையில் உட்கார்ந்து குழாயை அளந்து எழுத ஆரம்பித்தேன்.

11.05க்குப் பிறகு நடந்ததைக் கவனமாகச் சொல்கிறேன். வெயில் நன்றாக இருந்தது. காற்று இல்லை. ஏழுமலை பின்புறம் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் எங்கும் சத்தமில்லை. தலையைத் தூக்கினால் வரிசையில் ஐந்து தலைகள்தான் இருந்தன. ஆறாவதைத் தேடினேன். பூங்காவனம் வரிசையை விட்டு எழுந்து, கிழக்கே, ஆழப்பாதை பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். வேகமாக. யாரோ காத்திருக்கும்போது போவோமே, அந்த நடை. பறி இன்னும் பல்லில்தான். தண்ணீர் இடுப்பு, பிறகு மார்பு.

"ஏ பூங்கா! எங்க போற?" ஏழுமலை கத்தினார். "ஏய்! பள்ளம்!"

அவள் திரும்பவில்லை. முகம் நேர்கிழக்கே. இரண்டு அடி, மூன்று அடி, அப்புறம் தலை இல்லை.

ஏழுமலை குதித்தார். எனக்கு நீச்சல் தெரியாது, கழியை நீட்டிக்கொண்டு நின்றேன், அதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை, அந்த ஒரு இடம் மட்டும் என் குறிப்பில் காலியாக இருக்கிறது. முடியைப் பிடித்து இழுத்து வந்தார். படகில் போட்டபோதும் பல் கயிற்றை விட்டிருக்கவில்லை. ஏழுமலை தாடையை அழுத்தித்தான் எடுத்தார். தண்ணீர் கக்கினாள். கண்ணைத் திறந்ததும் என்னைத்தான் தேடினாள். படகில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளுக்கு வந்த பயத்தை நான் அதுவரை எந்த மனித முகத்திலும் பார்த்ததில்லை.

"நீ எப்ப சார் போட்டுக்கு வந்த?"

"நான் இங்கேயேதான் இருந்தேன் அம்மா."

"இன்னா சார் சொல்ற? அங்க நின்னுக்கினு கூப்ட்டியே. பேண்ட மடிச்சி வுட்டுக்கினு நின்ன. உனக்கு முட்டி வரிக்கும்தான் தண்ணி. முட்டித் தண்ணிதானன்னு வந்தேன்."

நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவர் மற்றப் பெண்களைப் பார்த்தார். ஐந்து பேரும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பறி இப்போது கையில் இருந்தது. அவர்களில் மூத்தவள் ராணியம்மா.

"ஆள பாக்கல. தல குனிஞ்சில்ல கெடந்தோம்" என்றாள் அவள். "ஆனா கொரலு கேட்டுது. எல்லாருக்கும் கேட்டுது. சார் கொரலுதான். 'ஒரு நிமிஷம், பூங்காவனம், ஒரு நிமிஷம் இங்க வாங்க, இன்னொண்ணு இருக்கு'ன்னு."

"அந்தப் பக்கத்துலேர்ந்து" என்று இன்னொருத்தி கிழக்கே கை காட்டினாள்.

'ஒரு நிமிஷம்' என்பது நான் எதைச் சொல்வதற்கு முன்னும் சொல்லும் வார்த்தை. தொழிற்சாலையில் எனக்குப் பெயரே ஒரு நிமிஷம்தான். ஆனால் அன்று காலையிலிருந்து படகில் நான் அதைச் சொன்னதாக நினைவில்லை. பூங்காவனத்தை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

படகில் இருந்த ஏழுமலைக்கும் எனக்கும் எதுவும் கேட்கவில்லை.

வீடு திரும்பும்போது ரயிலில், என் பழக்கப்படி, ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். யாராவது விளையாட்டுக்குக் கூப்பிட்டார்களா? சுற்றி வேறு படகு இல்லை. தண்ணீரில் இருந்த ஐந்து பேர் வாயிலும் பறி. பறியைக் கடித்தபடி யாரும் கூப்பிட முடியாது, வாயைத் திறந்தால் அது தண்ணீரில் விழும், காலையிலிருந்து பிடித்த இறால் எல்லாம் போகும். ஏழுமலை வாயில் பீடி. மீதி ஒரு வாய்தான், என்னுடையது. அது மூடியிருந்தது. அதற்கு என்னைத் தவிர சாட்சி இல்லை என்பது ரயிலிலிருந்து இறங்கும்போது உறைத்தது.

குழாய் என் கைப்பையில் துண்டில் சுற்றி இருந்தது.

அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போனேன். பூங்காவனம் இல்லை. ஏழுமலை வந்து காஜா பாயின் பாயருகே குந்தினார்.

"அத்த கொண்டாந்து எடுத்த எடத்துல போட்டுடு சார்."

"அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்குத் தெரியாது. பூங்கா தண்ணில எறங்க மாட்டேங்குது. இடுப்புல கயிறு கட்டி, ஒரு முனைய நான் புட்ச்சிக்கினு, அப்பவும் எறங்கல. கால வெச்சா நீ கூப்புடுறியாம்."

பாய் அன்றைக்கு ஜோக் அடிக்கவில்லை. "குடுத்துரு வாத்யாரே. உனக்கு நான் வேற தேடித் தரேன்" என்றார். வேறு கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும்.

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும், நான் ஐந்து வாரம் யோசித்தேன். அந்த ஐந்து வாரமும் குழாயை இரவு சாப்பாட்டுக்கு முன் எடுத்துப் பார்ப்பேன், ஓட்டையை அளப்பேன், திரும்பப் பஞ்சில் வைப்பேன். நம்பிக்கை இல்லாதவன் நம்பிக்கைக்காக ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எனக்கே நான் வாதம் வைத்துக்கொண்டேன். உண்மை, ஆசை. வேறொன்றுமில்லை.

ஆறாவது ஞாயிறு பூங்காவனமே வந்தாள். இளைத்திருந்தாள். நண்டுக் கூடை இல்லை. பாய் அவளை உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"சார், உன்கிட்ட சண்ட போட வரல. எனக்கு ஏரில எறங்கணும். ஆறு வயசுலேர்ந்து எறங்குறேன். சேத்துல கைய வுட்டா எது எறா எது கல்லுன்னு பாக்காமயே சொல்லுவேன். வேற இன்னா தெரியும் எனக்கு? ராணியம்மா புட்ச்சத வாங்கி வித்து எத்தினி நாளிக்கி ஓட்றது? அத்த நீ வெச்சிக்கினா நான் கரையிலயே குந்திக்கினு இருக்கணும். அவ்ளோதான். நீயே சொல்லு."

குழாய் அன்று என் பையில்தான் இருந்தது. யாரிடமாவது காட்டிப் பெருமைப்படலாம் என்று எடுத்து வந்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. வாங்க போகலாம் என்று மட்டும் சொன்னேன்.

ஏழுமலை படகில் மூன்று பேர் போனோம். அவள் படகின் நடுவில், இரண்டு பக்கமும் விளிம்பைப் பிடித்தபடி. அதே திட்டு. நான் குழாயைத் தண்ணீருக்குள் விட்டேன். கிண்ணம் கனம், அது முதலில் சாய்ந்து, தண்டு ஒருமுறை செங்குத்தாக நின்று, போய்விட்டது. மணி 12.10. எனக்கு அழுகை வந்தது, வயது ஐம்பத்திரண்டு.

பூங்காவனம் ஒரு காலைத் தண்ணீரில் வைத்தாள். நாங்கள் இருவரும் அவள் முகத்தையே பார்த்தோம். இரண்டாவது காலையும் வைத்தாள். நின்றாள். காது கொடுத்துக் கேட்பவள் மாதிரித் தலையைச் சாய்த்தாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள். மறுபடி, "ஒண்ணும் இல்ல, யோவ்!" என்று புருஷன் மேல் தண்ணீரை வாரி அடித்தாள். ஏழுமலை அவளைத் திட்டத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். தண்ணீரைத்தானா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரமே அவள் கூடையில் நண்டு துள்ளியது. கயிறெல்லாம் இல்லாமல் இறங்குகிறாள் என்று பாய் சொன்னார். என்னைப் பார்த்தால் சிரிப்பாள், ஒரு நண்டை எடுத்து என் பையில் போடுவாள். அவளைப் பொறுத்தவரை அந்த விஷயம் அன்றோடு முடிந்தது. என்னைப் பொறுத்தவரையும் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

குழாயை ஏரியில் விட்டுப் பதினோரு நாள் கழித்து, வியாழக்கிழமை, காலை 6.40. நான் பின்பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி விஜயா கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

"வர்றேன்னு சொன்னேனே, அதுக்குள்ள எத்தனை தடவைங்க கூப்பிடுவீங்க?"

வாயில் பிரஷ். நான் தலையை ஆட்டினேன், கூப்பிடவில்லை என்று. பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், அவளும் அப்படித்தான் நினைத்தாள். குறித்து வைத்தேன்.

அடுத்தது ஒன்பது நாளில். நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் கடந்து, என்னைப் பார்க்காமலே, "இதோ வந்துட்டேங்க" என்று சொல்லிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்து நான் கூடத்தில் இருப்பதைப் பார்த்தவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது ஒரு சனிக்கிழமை, பகல் 11.50. எங்கள் வீடு இருக்கும் சாலையில் கண்டெய்னர் லாரிகள் நாள் முழுக்கப் போகும். மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே வாசல் கேட் திறக்கும் சத்தம். எட்டிப் பார்த்தால் விஜயா செருப்புகூடப் போடாமல் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தாள். வேகமாக. அந்த நடையை நான் முன்பு ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

கத்தினேன். வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. லாரிக்காரன் பிரேக் போட்டது அந்தத் தெருவுக்கே கேட்டது. அவளுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு கை அகலம். கீழே ஓடி அவளை இழுத்து வந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, எதிர்ப்பக்கத்து மருந்துக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க நின்னு கூப்பிட்டீங்களே" என்றாள். "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்னு. பேண்ட்டை ஏன் முட்டி வரைக்கும் மடிச்சு விட்டிருந்தீங்க?"

ஏரியில் நடந்தது எதையும் அதுவரை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

அன்று மாலை உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. என்னைப் போலவே அவளும் இதெல்லாம் நம்பாதவள். ஆனால் லாரியின் சூடு அவள் மேல் பட்டிருந்தது. அதனால் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் அவளை வாயால் கூப்பிடவே மாட்டேன். ஏதாவது வேண்டுமென்றால் அவள் இருக்கும் இடத்துக்கு நடந்து போய், தோளில் கை வைப்பேன். என் குரல் எங்கிருந்து கேட்டாலும் அவள் அசையக் கூடாது, கை பட்டால் மட்டும் திரும்ப வேண்டும்.

இரண்டு வருடம் இப்படித்தான் இருந்தோம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இது வினோதமாகத் தெரியும், நாங்கள் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி இருக்கிறோம் என்று அவள் தங்கை கேலி செய்வாள். வாரத்துக்கு ஒரு முறையாவது விஜயா கைவேலையை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நிற்பாள். கொஞ்ச நேரம் கழித்து வேலையைத் தொடர்வாள். நான் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. அசையாமல் நின்றாள் அல்லவா, அது போதும் எனக்கு.

போன மாதம், செவ்வாய்க்கிழமை, மாலை 4.15. அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், எனக்கு முதுகு காட்டி. மழை வருகிற மாதிரி இருந்தது. கேஸ்காரர் வந்திருக்கிறார் என்று சொல்ல நான் படியேறிப் போய், வழக்கம்போல அவள் தோளில் கை வைத்தேன்.

அவள் திரும்பவில்லை. கொடியிலிருந்து போர்வையை இழுத்தபடியே சொன்னாள்.

"அதான் அப்பவே தொட்டீங்களே, வர்றேன். எத்தனை தடவை? அந்த ஈரக் கையைத் துடைச்சிட்டாவது வரக்கூடாதா?"

என் கை காய்ந்திருந்தது.